அன்போடு உண்மை பேசுவது: தராசை ஓரமாக வைத்துவிட்டு ஒரு விளக்கம்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை வளாகத்து வேப்பமரத்தடியில் டீ கொடுப்பார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் இரண்டு பேச்சுகள் கட்டாயம் காதில் விழும். ஒன்று: “நான் மனசுல பட்டதைப் பட்டுனு சொல்லிடுவேன் பிரதர். உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு வெச்சிக்கத் தெரியாது எனக்கு.” இன்னொன்று: “எதுக்கு சிஸ்டர் அவங்க மனச நோகடிக்கணும்? அன்புதானே பெருசு. ஆண்டவர் பார்த்துப்பாரு.”

வேடிக்கை என்னவென்றால், இருவரையும் உட்காரவைத்துக் கேட்டால் இருவரும் ஒரே வசனத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். எபேசியர் 4:15, “அன்புடன் சத்தியத்தைக் கைக்கொண்டு…” முதல் ஆள் ‘சத்தியத்தை’ என்ற சொல்லின்மேல் விரலை வைப்பார். இரண்டாவது ஆள் ‘அன்புடன்’ என்பதன்மேல். ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள்தான், ஆனால் அந்த இரண்டு விரல்களும் சந்திப்பதே இல்லை.

நான் இறையியல் படித்தவன் இல்லை. வேலூரில் ஒரு சபையில் ரொம்ப வருடமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறவன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: “சார், அத்தை செஞ்ச கேக்கு நல்லா இல்லன்னாலும் நல்லா கீதுன்னு சொல்லணும்னு அம்மா சொல்றாங்க. அது பொய்தானே?” அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஒழுங்கான பதிலைத் தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், இந்த வசனத்தை ஆயிரம் முறை கேட்டும் என்னைப்போலக் குழம்பியவர்களுக்கும்.

தராசு என்ற படம்

இந்த விஷயத்தைப் பேசும்போது நம்மை அறியாமலே ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறோம். லாங்கு பஜார் காய்கறிக் கடையில் தொங்கும் தராசுதான் அது. ஒரு தட்டில் உண்மை, இன்னொரு தட்டில் அன்பு. இது இறங்கினால் அது ஏறும். ஆகவே இரண்டையும் சமமாக வைக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இந்தப் படத்தை நம்பினால் என்ன ஆகும்? அன்பாக இருக்க வேண்டுமென்றால் உண்மையில் கொஞ்சத்தைக் குறைக்க வேண்டும். பாலில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே வரவில்லை. பெற்றோர் வந்து கேட்கும்போது ஆசிரியர், “கொஞ்சம் விளையாட்டுத்தனம், மத்தபடி நல்ல பிள்ளை” என்கிறார். பெற்றோர் சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறார்கள். அடுத்த வருடம் பிள்ளை ஆறாம் வகுப்பில் அதே இடத்தில் நிற்கிறது.

இதில் யாருக்கு அன்பு காட்டப்பட்டது? பிள்ளைக்கு இல்லை. யோசித்துப் பார்த்தால் பெற்றோருக்கும் இல்லை. சங்கடமான ஐந்து நிமிடத்திலிருந்து தப்பித்தவர் ஆசிரியர் ஒருவர்தான். நாம் அன்பு என்று பெயர் வைக்கிற பல ‘கொஞ்சம்’களும் நமக்கு நாமே காட்டிக்கொள்கிற அன்புதான்.

மறுபக்கமும் அப்படித்தான். உண்மை அதிகமாக வேண்டுமென்றால் அன்பைக் குறைத்தாக வேண்டும் என்று நம்புகிறவர், கடுமையாகப் பேசினால்தான் அது உண்மை என்று நினைக்க ஆரம்பித்துவிடுகிறார். எதிராளி அழுதால், சத்தியம் வேலை செய்கிறது என்று கணக்கு.

வேதாகமமே வேறொரு படத்தைத் தருகிறது. கொலோசெயர் 4:6-இல், உங்கள் பேச்சு “கிருபை பொருந்தினதாயும் உப்பால் சாரமேறினதாயும்” இருக்கட்டும் என்று வருகிறது. குழம்பில் உப்புப் போட்டால் குழம்பு குறைவதில்லை. உப்பும் குழம்பும் போட்டி போடுகிற இரண்டு தட்டுகள் இல்லை.

இதுவரை சொன்னது: உண்மையும் அன்பும் ஒன்று ஏறினால் ஒன்று இறங்குகிற பொருட்கள் என்ற எண்ணத்தில்தான் குழப்பம் தொடங்குகிறது. அந்தத் தராசைக் கீழே வைத்துவிட்டு வசனத்தைப் படிப்போம்.

வசனத்தில் என்ன இருக்கிறது

இரண்டே இரண்டு சொற்களுக்குப் பொருள் தெரிந்தால் போதும்.

முதலாவது, சத்தியம். எபேசியர் 4:15-இன் மூலமொழியான கிரேக்கத்தில் இங்கே இருப்பது ஒரு வினைச்சொல். அதைத் தமிழில் அப்படியே சொல்ல முயன்றால் ‘சத்தியமாயிருந்து’, ‘மெய்யாய் நடந்து’ என்று ஏதாவது சொல்லிப் பார்க்கலாம். வாயால் சொல்வதும் அதில் உண்டு, ஆனால் அதோடு முடிவதில்லை. ஆங்கில வேதாகமங்கள் பலவற்றில் ‘பேசி’ என்றிருக்க, நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘கைக்கொண்டு’ என்று போட்டிருக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். சத்தியத்தை எறிவதற்கும் கைக்கொள்வதற்கும் எவ்வளவு தூரம்!

இதே வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. கலாத்தியர் 4:16: “நான் உங்களுக்குச் சத்தியத்தைச் சொன்னதினாலே உங்களுக்குச் சத்துருவானேனோ?” உண்மை சொல்லிக் கெட்டபெயர் வாங்கியவர் அனுபவித்துக் கேட்கிற கேள்வி. அதே அதிகாரத்தில் மூன்று வசனம் தள்ளி, இந்தக் கடிதத்தை எழுதிய பவுல் அந்தச் சபையாரை ‘என் சிறு பிள்ளைகளே’ என்று கூப்பிட்டு, உங்களுக்காக மறுபடியும் கர்ப்பவேதனைப்படுகிறேன் என்கிறார். திட்டுகிற ஆளே பிரசவ வலியிலும் இருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இரண்டாவது சொல், அன்பு. இங்கே வருவது ‘அகாப்பே’. பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். ஒருவரைப் பார்த்ததும் நமக்குள் ஊறுகிற இனிமையை இது குறிப்பதில்லை. அவருக்கு நன்மை நடக்க வேண்டும் என்று நாம் எடுக்கிற தீர்மானத்தையே குறிக்கிறது. பிடிக்காத ஆளிடமும் அகாப்பே காட்ட முடியும். ரொம்பப் பிடித்த ஆளிடம் அகாப்பே இல்லாமலும் இருக்க முடியும். செல்லம் கொடுத்துக் கெடுக்கிற வீடுகளை நாம் பார்த்ததில்லையா?

இந்த வசனம் எங்கே போய் முடிகிறது என்பதையும் பலர் படிப்பதில்லை. முந்தின வசனத்தில், அலைகளில் அலைந்து திரிகிற குழந்தைகளாக இருக்க வேண்டாம் என்கிறது. பிந்தின வசனத்தில் ஒரு சரீரம் கணுக்களால் இணைக்கப்பட்டு வளர்வதைச் சொல்கிறது. நடுவில்தான் ‘அன்புடன் சத்தியத்தைக் கைக்கொண்டு’ வருகிறது. ஆக, இந்த உண்மை எதற்காக? ஆள் வளர்வதற்காக. நம் மனப்பாரத்தை இறக்கிக்கொள்வதற்கு இது ஏற்பட்டதில்லை.

இன்னும் பத்து வசனம் தள்ளிப் போனால் காரணமும் கிடைக்கிறது. “நாம் ஒருவருக்கொருவர் அவயவங்களாயிருக்கிறபடியால், பொய்யைக் களைந்து, அவனவன் பிறனுடனே மெய்யைப் பேசக்கடவன்.” பொய் பாவம், அதனால் பேசாதே என்று சொல்லி முடித்திருக்கலாம். ஒரே உடம்பின் உறுப்புகள் என்பதால் பேசாதே என்கிறது. உடம்புக்கும் பொய்க்கும் என்ன சம்பந்தம்? வேலூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்கப் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது.

வலி தெரியாத கை

காட்பாடியைத் தாண்டி கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை இருக்கிறது. அதற்கும் முன்பே, 1946-இல், பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வேலூர் சி.எம்.சி.க்கு (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) வந்தார். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். தொழுநோயால் விரல்கள் அழுகி விழுகின்றன என்றே அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். பிராண்டும் அவரோடு வேலை செய்தவர்களும் கவனித்துக் கண்டது வேறு. கிருமி நரம்பைத் தாக்குகிறது. நரம்பு செத்தால் வலி தெரியாது. வலி தெரியாத கை, சூடான பாத்திரத்தை இறக்கிவைக்காது. முள் குத்தினாலும் விலகாது. விரல்களைத் தின்றது பெரும்பாலும் அந்தச் சின்னச் சின்னக் காயங்கள்தான்.

அவரே பின்னாளில் சொன்ன சம்பவம் ஒன்று. துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளியான ஒரு சின்னப் பையன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். இவ்வளவு பலமா என்று ஆச்சரியப்பட்டுக் கையைப் பார்த்தால், விரல் எலும்புவரை வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டுகிறது. பையனுக்கு எதுவும் தெரியவில்லை. ‘போதும், நிறுத்து’ என்று சொல்ல அவன் கையில் நரம்பு இல்லை.

இன்றைக்குத் தொழுநோய் கூட்டு மருந்து சிகிச்சையில் முழுமையாகக் குணமாகிற நோய். பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு நம் விஷயத்துக்கு அப்படியே பொருந்துகிறது. சரீரத்தில் உண்மையைச் சொல்லும் வேலை வலி நரம்புக்கு. கால் கல்லில் இடித்தால், ‘மூளைக்குச் சங்கடமாக இருக்குமே’ என்று நரம்பு செய்தியை அமுக்கி வைப்பதில்லை. அமுக்கி வைத்தால் கால் போய்விடும். யாரும் யாரிடமும் எதையும் சொல்லாமல் எல்லோரும் சிரித்துக் கைகுலுக்குகிற சபை, வெளியிலிருந்து பார்க்கச் சமாதானமாகத் தெரியும். எனக்கு அந்தப் பூட்டுத் திறந்த கைதான் நினைவுக்கு வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நரம்பு சொல்வது வலியை. ஆனால் அது அந்தக் காலின் எதிரி இல்லை. அந்த உடம்புக்குள்ளேயே இருக்கிறது. காலோடு சேர்ந்து அதுவும் நோகிறது. பவுலின் பிரசவ வேதனை என்று மேலே சொன்னேனே, அதுதான் இது. அடுத்தவர் நொந்தால் தனக்கு எதுவும் ஆகாத இடத்தில் நின்றுகொண்டு உண்மை சொல்கிறவரை நரம்பு என்று சொல்ல முடியாது. அவர் வெளியிலிருந்து குத்துகிற முள்.

சுருக்கமாக: உண்மை பேசாத உறவு மரத்துப்போன கை மாதிரி. அதே நேரம், பேசுகிறவர் அந்த உடம்பின் பாகமாக இருக்க வேண்டும்.

எலும்பைச் சேர்க்கிற பதம்

சரி, உண்மையைச் சொல்லியாக வேண்டும். எப்படி? கலாத்தியர் 6:1 இதற்கு ஒரு தொழிற்சொல்லைப் பயன்படுத்துகிறது. ஒருவன் ஏதாவது குற்றத்தில் அகப்பட்டால் “சாந்தமுள்ள ஆவியோடே அப்படிப்பட்டவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள்” என்கிறது. சீர்பொருந்தப்பண்ணுதல் என்பதற்குக் கிரேக்கத்தில் இருக்கிற சொல், மாற்கு 1:19-இல் யாக்கோபும் யோவானும் படவில் உட்கார்ந்து வலையைப் ‘பழுதுபார்த்தார்கள்’ என்று வருகிற அதே சொல். பழைய கிரேக்க மருத்துவத்தில் விலகிய எலும்பை இடத்தில் சேர்ப்பதற்கும் இதே சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

எலும்பு என்றதும் வட ஆற்காட்டுக்காரனுக்குப் புத்தூர் கட்டு ஞாபகம் வராமல் இருக்காது. சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்து கை உடைந்து நானும் கட்டிக்கொண்டேன். (இப்போது யாராவது விழுந்தால் முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறேன், அது வேறு கதை.) கட்டுப் போட்ட பெரியவர் முதலில் கையைத் தொடவே இல்லை. எந்த ஊர், எந்த மரம், எத்தனை மாங்காய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு விரலால் தோளிலிருந்து மெதுவாகத் தடவிக்கொண்டு வந்தார். நான் எங்கே முகம் சுளிக்கிறேன் என்று பார்த்துக்கொண்டே. இடம் தெரிந்ததும் ஒரே இழுப்பு. கத்தினேன். அடுத்த நொடி மூங்கில் பத்தையை வைத்துச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். இழுத்தது ஒரு நொடிதான். அதற்கு முன்னால் தடவியது பத்து நிமிடம், அதற்குப் பிறகு கட்டு ஒன்றரை மாதம்.

அவர் என்மேல் இரக்கப்பட்டு அரைகுறையாக இழுத்திருந்தால் கை கோணலாகச் சேர்ந்திருக்கும். இடம் பார்க்காமல் இழுத்திருந்தால் இன்னொரு எலும்பு போயிருக்கும். அவருடைய அன்பு இழுப்பின் அளவைக் குறைக்கவில்லை. எங்கே, எப்போது, எப்படி இழுப்பது என்பதைத் தீர்மானித்தது. சாந்தம் என்று வேதாகமம் சொல்வது எனக்கு இப்படித்தான் புரிந்தது: கையில் பலம் இருக்கிறது, ஆனால் அது விரல்நுனியில் அடங்கியிருக்கிறது.

நாத்தான் தீர்க்கதரிசியும் இதைத்தான் செய்தார். தாவீது ராஜா உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனையும் கொல்லக் கொடுத்துவிட்டார். நாத்தான் உள்ளே வந்து ஓர் ஆட்டுக்குட்டிக் கதை சொல்கிறார். ஏராளமான ஆடுமாடு வைத்திருந்த பணக்காரன், ஓர் ஏழை பிள்ளைபோல வளர்த்த ஒரே குட்டியைப் பிடித்துச் சமைத்துவிட்டான். தாவீது கொதித்துப்போய்த் தீர்ப்பே சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகுதான் அந்த இழுப்பு: “நீயே அந்த மனுஷன்.” கதை மென்மையாக இருந்தது என்பதற்காகக் கடைசி வாக்கியத்தில் தண்ணீர் கலக்கவில்லை. அப்புறம், நாத்தான் சொல்லிவிட்டுக் காணாமல் போகவும் இல்லை. தாவீது கிழவனாகிப் படுத்த காலத்திலும் அறைக்குள் வந்து பேசுகிற உரிமை அவருக்கு இருந்தது.

யார் சொல்வது, யாரிடம் சொல்வது

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கோயில் விஷயம் 1981-லேயே சரியாகிவிட்டது. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் திரும்பி வந்துவிட்டார். மற்றவை அப்படியேதான் இருக்கின்றன. இதை நாங்களே சொல்லிச் சிரிப்போம். சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளை பந்தியில் உட்கார்ந்து சொன்னால் அத்தனை பேர் முகமும் மாறிவிடும். ஒரே உண்மைதான். ஆனால் பாலாற்று மணலில் விளையாடி வளர்ந்தவன் சொல்வதும், பாலத்தில் காரில் போகிறவன் சொல்வதும் ஒன்றாகிவிடாது.

அடுத்தது இடம். மத்தேயு 18:15 தெளிவாக இருக்கிறது: “நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து.” கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபை. நாம் இதைத் தலைகீழாகச் செய்வதில் கெட்டிக்காரர்கள். முதலில் வாட்ஸப் குழு, பிறகு கமிட்டி, கடைசியில் (எப்போதாவது) சம்பந்தப்பட்ட ஆள்.

இதிலே எனக்கு மிகவும் எரிச்சல் தருவது ‘ஜெபக் குறிப்பு’. “அந்தக் குடும்பத்துக்காக ஜெபிச்சிக்குங்க சிஸ்டர், இன்னான்னு கேக்காதீங்க… மூத்த பொண்ணு விஷயம்தான்.” கண்ணை மூடுவதற்குள் கதை முழுதும் வந்துவிடும். சொல்கிற விவரம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த உண்மையால் வளர வேண்டிய ஆள் அந்த அறையிலேயே இல்லை. இதற்குப் பெயர் புறங்கூறுதல்: ஒருவரைப் பற்றிய உண்மையை, அதைக்கொண்டு அவருக்கு எந்த நன்மையும் செய்ய முடியாத இடத்தில் பேசுவது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் போக முடியாது. ‘தனித்திருக்கையில் சொல்’ என்பது இருவருக்கு இடையே நடந்த பிழைக்கு. ஒரு குழந்தையிடம் யாராவது தவறாக நடந்தால், அங்கே போய்த் தனியாகப் பேசிச் சமரசம் செய்வது அன்பும் இல்லை, வேதமும் இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் யாரானாலும் புகார் கொடுத்தே ஆக வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. ‘சபை மானம் போயிடும்’ என்று மூடி வைப்பது அந்த மரத்துப்போன கைதான்.

திரும்பிப் பார்த்தால்: எவ்வளவு உண்மை என்பதை அன்பு குறைப்பதில்லை. யார், எங்கே, எப்போது, என்ன முறையில் என்பதைத்தான் அது முடிவு செய்கிறது.

அன்பான பொய் உண்டா?

இப்போது அந்தப் பையனின் கேக்குக்கு வருவோம். தமிழர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். வள்ளுவர் “பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்” என்று சொல்லியிருக்கிறாரே! பட்டிமன்றத்தில் இந்தக் குறளைச் சொல்லித் தப்பிக்காதவர் உண்டா? ஆனால் ‘புரைதீர்ந்த’ என்ற சொல்லை எல்லோரும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். குற்றம் துளியும் இல்லாத நன்மை என்று பொருள். அந்த நிபந்தனையில் தேறுகிற பொய்கள் எத்தனை?

கிறிஸ்தவர்களுக்குள்ளேயும் இதில் ஒரே குரல் இல்லை. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் பொய்யை எட்டு வகையாகப் பிரித்து எழுதி, எல்லாமே பாவம்தான், சில பெரிது சில சிறிது என்றார். மறுபுறம், யாத்திராகமத்தில் எபிரெயக் குழந்தைகளைக் காப்பாற்றப் பார்வோனிடம் சாக்குச் சொன்ன மருத்துவச்சிகளுக்குத் தேவன் நன்மை செய்தார் என்று இருக்கிறது. எரிகோவில் வேவுகாரரை ஒளித்துவைத்துவிட்டு ‘போய்விட்டார்கள்’ என்ற ராகாபையும் புதிய ஏற்பாடு மெச்சுகிறது. கொலைகாரன் வாசலில் நிற்கும்போது என்ன செய்வது என்று இன்றும் விவாதிக்கிறார்கள். என் வாசலில் இதுவரை எந்தக் கொலைகாரனும் நின்றதில்லை. நான் சொன்ன பொய்கள் எல்லாம் சாதாரண நாட்களில் சொன்னவை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

என் பெரியப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். பரிசோதனை முடிவு வந்ததும் குடும்பம் மொத்தமும் மருத்துவமனை வராந்தாவில் நின்று முடிவெடுத்தது: அவருக்குத் தெரியக் கூடாது. டாக்டரிடமும் கெஞ்சினோம். ஒரு மத்தியானம் நான் மட்டும் அவரோடு இருந்தேன். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்: “ஏம்பா, உள்ள இன்னா கீதுன்னு சொன்னாங்க?”

“வெறும் புண்ணுதான் பெரியப்பா. மாத்திரையில சரியாயிடும்.”

“சரி” என்றார். நான் கொடுத்த சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு யாரிடமும் அவர் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரரிடம் அவர் சொன்னது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது: “பசங்க பாவம். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறாங்க.” கடைசி ஏழு வாரம், எங்களைச் சமாதானப்படுத்த அவர் நடித்தார், அவரைச் சமாதானப்படுத்த நாங்கள் நடித்தோம்.

குடியாத்தத்தில் அவருடைய தம்பி இருந்தார். ஒரு கிணற்றுப் பங்குத் தகராறில் பதினோரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. எல்லாம் முடிந்து கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “முன்னாடியே தெரிஞ்சிருக்குதே, ஏன்டா எனக்குச் சொல்லல?” என்றார். நான் சொன்ன ஒரு வாக்கியம் எத்தனை பேருடைய கதவைச் சாத்தியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சொல்லியே ஆக வேண்டும் என்றால் முகத்தில் அடித்த மாதிரி, ‘கேன்சர் பெரியப்பா, ரெண்டு மாசம்’ என்றிருக்க வேண்டுமா? அதுவும் இல்லை. உண்மைக்கும் பொய்க்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. மௌனம் பொய் ஆகாது. ‘இதை டாக்டரையே கேட்போமா?’ என்பது பொய் ஆகாது. கசப்பான செய்தியைச் சொல்லப் பழகும் மருத்துவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே, சொல்வதற்கு முன்னால் கேள் என்பதுதான். நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்டுவிட்டு, அவர் போகிற வேகத்தில் கூடப்போவது. எனக்குக் கட்டுப் போட்ட பெரியவர் தோளிலிருந்து தடவிக்கொண்டு வந்த மாதிரி.

கேக் விஷயத்தில் அந்தப் பையனுக்கு நான் பிறகு சொன்னது: அத்தை எதற்காகக் கேட்கிறார் என்று பார். விருந்துக்கு வந்த இடத்தில் பாசத்துக்காகக் கேட்டால், ‘எனக்காகவா அத்தை செஞ்சீங்க?’ என்று சந்தோஷப்படு. அது பொய் இல்லை. நாளைக்குக் கடை போடப் போகிறேன், சொல்லு என்று கேட்டால், உப்பு அதிகம் என்று சொல்லிவிடு. “ரெண்டாவது துண்டு குடுத்தா?” என்றான். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஓர் அக்காவைப் பார்க்க மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அவருடைய மகன் மாத்திரை வாங்கக் கீழே போன நேரம். “தம்பி, எனக்கு இன்னான்னு உனக்காவது சொன்னாங்களா?” என்று கேட்டார். வாய்வரை வந்துவிட்டது அந்தப் பழைய வாக்கியம். ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

“உங்களுக்கு இன்னா தோணுதுக்கா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேச ஆரம்பித்தவர் அரைமணி நேரம் நிறுத்தவில்லை. நான் பேசியது நான்கு வாக்கியம் இருக்கும். மகன் மருந்துப் பையோடு திரும்பி வந்தபோது, “டேய், உங்க அக்காவுக்குப் போன் போட்டு நாளைக்கே வரச் சொல்லு” என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் எழுந்து ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினேன்.